அடுக்குக்கு ஒன்பது பேர்

பரிமளா: ...ஃப்ளெக்ஸ் வெக்கறதுன்னா நான் வரல. இப்பவே சொல்லிட்டேன்.

கலையரசன்: பெரம்பலூர்ல பஸ் ஏறினதுலேர்ந்து இதத்தான் சொல்ற. கடைக்குள்ள வந்தும் இதேவா? அண்ணே, வணக்கம்ணே.

அழகேசன்: வாங்க, வாங்க. சண்ட போட்டுக்கிட்டே அரும்பாவூர் வந்துட்டீங்களா? தம்பி, அந்த மூட்டை மேல உக்காராதீங்க, விதை வெங்காயம். ஸ்டூல் இருக்கு பாருங்க. கடைய கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?

பரிமளா: இல்லண்ணே. ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வூட்டுக்கு வந்துதான கம்ப்யூட்டர்ல போட்டுக் குடுத்தோம், கடை தெரியாது. பஸ் ஸ்டாண்டுல அழகேசன் கடைன்னதும் கைய காட்டிட்டாங்க.

அழகேசன்: போர்ட பாக்கலையா?

கலையரசன்: தேவையே படலண்ணே.

அழகேசன்: ம்... யாரும் பாக்கறதில்ல. சரி, என்ன சண்ட?

கலையரசன்: நம்ம 'அடுக்கு' இருக்குல்லண்ணே...

அழகேசன்: நீங்க போட்டுக் குடுத்த டேட்டாபேஸா? எந்த விவசாயி எந்த ரக வெங்காயத்த எந்தப் பட்டறைக் கொட்டகையில சேத்து வெச்சிருக்காருன்னு தேடினா வந்து நிக்கும்.

கலையரசன்: அதேதான். அத எப்படி நாலு பேருகிட்ட கொண்டு போறதுன்னுதான் சண்ட.

அழகேசன்: அது சும்மா குடுக்கறதுதான?

பரிமளா: ஆமாண்ணே. காசு கிடையாது. கடையோ ஸ்கூலோ, எந்தப் பட்டியல வேணா அதுல வெச்சுக்கலாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு யாரு வேணா பிரிச்சுப் பாக்கலாம், திருத்தலாம்.

அழகேசன்: சும்மா குடுக்கறதுக்கு எதுக்கு விளம்பரம்?

கலையரசன்: சும்மா குடுக்கறதாலதாண்ணே யாரும் நம்ப மாட்டேங்கறாங்க. இதுல என்ன வில்லங்கம்னு கேக்கறாங்க.

பரிமளா: லப்பைக்குடிக்காட்டுல பத்து கடை ஏறி இறங்கினேன். பத்து கடையிலயும் டீ வாங்கிக் குடுத்தாங்க. டேட்டாபேஸ் மட்டும் வேணாமாம்.

அழகேசன்: டீ நல்லா இருந்துச்சா?

பரிமளா: விளையாடாதீங்கண்ணே. ஞாயித்துக்கிழமை கூட்டம். அதுக்குள்ள ஒரு வழி தெரியலைன்னா அடுக்கு நின்னுடும்.

அழகேசன்: ஏன்?

பரிமளா: இவனுக்குச் சென்னையில வேலை. திங்கக்கிழமை பதில் சொல்லணும். புரோகிராம் எழுதறது இவன்தான். அத எப்படி ஓட்டறதுன்னு பாடம் எழுதறவ நான். இவன் போனா நான் எதுக்குப் பாடம் எழுதறது?

அழகேசன்: இன்டர்நெட்ல அடுக்கு குழுவுல ஒம்போது பேருன்னு போட்டிருக்கே. மத்தவங்க பாத்துக்க மாட்டாங்களா?

கலையரசன்: இருக்காங்க... இருந்தாலும்...

பரிமளா: ஆமா... இருந்தாலும்...

அழகேசன்: சரி, நீங்க என்ன சொல்றீங்க தம்பி?

கலையரசன்: சிறுவாச்சூர் கோயில்ல திங்க, வெள்ளி எவ்வளவு கூட்டம் பாத்திருக்கீங்கள்ல? ரோட்டோரம் பெருசா ஒரு ஃப்ளெக்ஸ். 'தேடினால் நொடியில் வரும்'னு.

பரிமளா: சாமி கும்பிட வந்தவங்க தேங்கா பழத்தோட டேட்டாபேஸும் வாங்கிட்டுப் போவாங்களா?

கலையரசன்: அவ என்ன சொல்றான்னு கேளுங்கண்ணே. அடுக்கால எது எது ஆகாதுன்னு ஒரு பக்கம் எழுதி முன்னாடி வெக்கணுமாம்! பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, எங்க பொண்ணு குறட்டை விடும்னு சொல்லியா அனுப்புவாங்க?

பரிமளா: சொன்னா என்ன? கட்டிக்கிட்டவன் ராத்திரி கேக்கத்தான போறான்?

அழகேசன்: ஓட்டு எடுத்துட வேண்டியதுதான?

கலையரசன்: எடுத்தோம். நாலுக்கு நாலு. என் பக்கம் நான், அரியலூர் தர்மராஜ், பாலாஜி, அன்பழகன். தர்மராஜ் ஃப்ளெக்ஸ்தான்னு அடிச்சு சொல்லிட்டாரு.

பரிமளா: ஜெயங்கொண்டம் ஜெயசித்ரா அழகா எழுதியிருந்தாங்க, விளம்பரமே வேணாம்னு. சுகன்யாவும் ஜெயலட்சுமியும் அதேதான்.

அழகேசன்: ஒம்போதாவது ஆளு?

கலையரசன்: குருநாதனா? அந்த ஆளப் பத்திப் பேசாதீங்க.

அழகேசன்: ஏன், என்ன பண்றாரு?

பரிமளா: எட்டு மாசமா ஒரே பாட்டு. ஒரே பேருல ரெண்டு எடம் பதிஞ்சா, மொத எடம் அழிஞ்சு போகுதாம். ஓட்டு கேட்டா, 'முதலில் அந்தப் பிழையைச் சரிசெய்யுங்கள்'னு எழுதறாரு.

அழகேசன்: அழியுதா?

கலையரசன்: தெரியலண்ணே. பாக்கல. விளம்பரத்துக்கே நேரம் பத்தல. அந்த ஆளக் குழுவுலேர்ந்து தூக்கிட்டாலே பாதி விளம்பரம் ஆயிடும்.

பரிமளா: தூக்க வேணாம். கண்டுக்காம விட்டா போதும்.

அழகேசன்: பாப்பா, குறைய முன்னாடி எழுதி வெக்கணும்னு இப்பதான சொன்னீங்க?

பரிமளா: அது... நாம எழுதற குறைண்ணே.

அழகேசன்: ஓகோ. சரி, என்னைய எதுக்குத் தேடி வந்தீங்க?

கலையரசன்: ரெண்டு நிமிஷம் வீடியோண்ணே. 'ரெண்டு வருஷமா வெச்சிருக்கேன், ஒரு குறையும் இல்ல'ன்னு சொன்னா போதும். நேர்ல பாத்து வீடியோ எடுக்கற மாதிரி ஆளு... நீங்க ஒருத்தர்தான்.

பரிமளா: உள்ளத சொல்லுங்கண்ணே. அது போதும்.

அழகேசன்: உள்ளதையா... அதுக்கு முன்னாடி எனக்கு ஒரு சந்தேகம். நான் அந்தக் குழுவ தினம் படிப்பேன். எழுத மாட்டேன், படிப்பேன். பெரம்பலூர்ல மாசம் ஒருநாள் கரண்ட் நிறுத்தறாங்கல்ல, பேப்பர்லகூட போடறாங்களே?

கலையரசன்: ஆமா, பராமரிப்புப் பணி.

அழகேசன்: அன்னிக்கு நீங்க ரெண்டு பேரும் எழுத மாட்டீங்க. சரி, பெரம்பலூர்காரங்க. ஜெயங்கொண்டத்து ஜெயசித்ரா ஏன் வாய மூடிக்கறாங்க? அரியலூர் தர்மராஜுக்கு என்ன வந்துச்சு?

கலையரசன்: ஏதோ ஒருநாள் அப்படி ஆயிருக்கும்ணே.

அழகேசன்: மூணு மாசமா பாக்கறேன். நாலரை மணிக்குக் கரண்ட் வருது. மொதல்ல மூணு ஆம்பளைங்க வரிசையா எழுதறாங்க. அஞ்சு நிமிஷம் விட்டு மூணு பொம்பளைங்க.

பரிமளா: கலை... தர்மராஜ நீ நேர்ல பாத்திருக்கியா?

கலையரசன்: நீ ஜெயசித்ராவ பாத்திருக்கியா?

பரிமளா: நான் மொதல்ல கேட்டேன்.

கலையரசன்: ...அண்ணே, தண்ணி இருக்கா?

அழகேசன்: பானையில இருக்கு. குடிச்சிட்டே சொல்லுங்க.

கலையரசன்: தர்மராஜ் நான்தான். பாலாஜியும். அன்பழகனும்.

பரிமளா: மூணு பேருமா! என் பாடத்தப் படிச்சுட்டு, 'இதுபோல் இன்னும் எழுதுங்கள்'னு தர்மராஜ் சொன்னாரே... அவர நம்பி பத்தொம்போது பாடம் எழுதினேன்டா!

கலையரசன்: நல்லா இருந்துச்சு, சொன்னேன்.

பரிமளா: உன் பேருல சொல்ல வேண்டியதுதான?

கலையரசன்: நான் சொன்னா, சும்மா சொல்றேன்னுவ. அதுவுமில்லாம ரெண்டே பேரு இருக்கற குழுவ யாரு எட்டிப் பாப்பாங்க? ...இரு. நீ ஏன் கீழ குனிஞ்சுக்கற?

பரிமளா: ஒண்ணுமில்ல.

கலையரசன்: பரிமளா... ஜெயசித்ரா யாரு?

பரிமளா: போன வருஷம் விட்டுட்டுப் போறேன்னு சொன்னியே... அன்னிக்கு ஆரம்பிச்சேன். அப்புறம் ஒரு ஆளு மட்டும் பேசினா நல்லா இருக்காதுன்னு சுகன்யா. அப்புறம் ஜெயலட்சுமி. மூணு பேரையும் வூட்டு கம்ப்யூட்டர்லதான் வெச்சிருந்தேன்.

கலையரசன்: 'நீங்கள் விட்டுவிட்டால் எங்கள் பள்ளிப் பிள்ளைகளின் பட்டியல் நின்றுவிடும்'னு எழுதினாங்க. அந்த ஒரு வரிக்குத்தான் போன வருஷம் நான் சென்னைக்குப் போகல.

பரிமளா: தெரியும்.

கலையரசன்: அப்படி ஒரு ஸ்கூலே இல்லையா?

பரிமளா: இல்ல.

கலையரசன்: பிள்ளைங்க?

பரிமளா: இல்லடா.

கலையரசன்: அப்ப இத்தன நாளும் நாம... ஒருத்தருக்கொருத்தர் விளம்பரம் பண்ணிக்கிட்டு இருந்தோமா?

அழகேசன்: ஃப்ளெக்ஸ் செலவு மிச்சம்.

கலையரசன்: சிரிக்காதீங்கண்ணே. முடிஞ்சுது. திங்கக்கிழமை வரேன்னு சொல்லிடறேன். இல்லாத ஸ்கூலுக்காக ஒரு வருஷம் உக்காந்திருக்கேன்.

பரிமளா: கலை, மன்னிச்சுக்க. போகாதேன்னு என் பேருல சொல்ல எனக்கு... இரு. ஒரு நிமிஷம். நாம ரெண்டு. உன்னோடது மூணு, என்னோடது மூணு. எட்டுதான வருது. குருநாதனும் நீதானா?

கலையரசன்: என்னைய நானே எட்டு மாசம் திட்டிக்குவனா? அது நீதான்னு இப்பதான் நெனச்சேன்.

பரிமளா: சத்தியமா இல்ல.

அழகேசன்: போன தடவ கரண்ட் நின்னப்ப, அவரு மட்டும் மத்தியானம் ரெண்டு மணிக்கு எழுதியிருந்தாரு.

பரிமளா: ஆமா! நான் மறுநாள் பாத்தேன். அப்ப அவரு பெரம்பலூர்காரர் இல்ல. கலை, ஒரு ஆளு நிஜம்டா!

கலையரசன்: நிஜமா ஒருத்தன் இருந்தான். அவனையும் தூக்கணும்னேன்.

பரிமளா: அண்ணே, மணி வரைக்கும் உங்களுக்கு எப்படித் தெரியுது? யாரு அவரு?

அழகேசன்: வெளிய போயி கடை போர்டப் படிச்சுட்டு வாங்க.

பரிமளா: இப்பவா?

அழகேசன்: தலைய நிமித்தினா தெரியும்.

கலையரசன்: நான் போறேன்... பரிமளா.

பரிமளா: என்ன போட்டிருக்கு? அங்கேர்ந்தே படி.

கலையரசன்: 'குருநாதன் விதை வெங்காயக் கடை.'

பரிமளா: அண்ணே...

கலையரசன்: எழுத மாட்டேன், படிப்பேன்னு சொன்னீங்களேண்ணே! நாங்க பேசினதெல்லாம் கேட்டுக்கிட்டே உக்காந்திருந்தீங்களே!

அழகேசன்: எங்கப்பா பேரு அது. என் பேருல எழுதினா, வூடு தேடி வந்து சும்மா போட்டுக் குடுத்த பிள்ளைங்கள குறை சொல்றானேன்னு நெனப்பீங்க. கண்ணையன்னு ஒரு விவசாயி, மேக்கால ஒரு பட்டறை, கெழக்கால ஒரு பட்டறை போட்டிருக்காரு. ரெண்டாவத எழுதினா மொதலாவது காணாம போகுது. எட்டு மாசமா அவருக்கு மட்டும் நோட்டுலதான் எழுதறேன். வூட்டுல இருந்த கம்ப்யூட்டர் இப்ப கடைக்குள்ளதான் இருக்கு தம்பி, வாங்க... இன்னிக்கு எங்க ஊருல கரண்ட் இருக்கு.