மூணாம் நம்பரும் ஏழாம் நம்பரும்

காளீஸ்வரன்: ...அதெல்லாம் ஒன்னும் இல்லண்ணே. பேப்பருல ஒரு கையெழுத்து. அம்புட்டுத்தான்.

பூமிநாதன்: ஏலே, தள்ளி உக்காரு. கைய ஆட்டி ஆட்டிப் பேசாத. அந்த டியூபுல கை பட்டுச்சுன்னா டயாலிசிஸ் மிஷினு கத்தும்.

காளீஸ்வரன்: எனக்குத் தெரியாதாண்ணே? மூணு வருசம் இதே ரூமுல, ஒங்களுக்குப் பக்கத்துக் கட்டிலுல கெடந்தவன் நான்.

பூமிநாதன்: கெடந்தே. வேற கிட்னி வச்சுக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டே. எட்டு மாசம் ஆச்சு. இன்னைக்குத்தான் இங்கன வர வழி தெரிஞ்சுச்சோ?

கோகிலா: தொண்டியில இருந்து பஸ்சு ஏறி வந்திருக்கு தம்பி. வந்ததும் வராததுமா ஏங்க...

பூமிநாதன்: நீ ஏன் பதறுறே? நான் அவன்கிட்டத்தானே பேசுறேன்.

காளீஸ்வரன்: ஆஸ்பத்திரிப் பக்கம் வரக்கூடாதுன்னு சொல்லிருக்காகண்ணே. கிருமி தொத்திக்கிருமாம். இந்தா, மாஸ்க்கு போட்டுக்கிட்டுத்தானே வந்திருக்கேன்...

பூமிநாதன்: மாஸ்க்கு நல்லதுதான். மூஞ்சி எப்படிப் போகுதுன்னு யாருக்கும் தெரியாது பாரு.

கோகிலா: ஏங்க!

பூமிநாதன்: சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்த்தா... சரி, காளி. ஒன்னுக்கு ஒழுங்காப் போறியா?

காளீஸ்வரன்: போறேண்ணே. நல்லாப் போறேன்.

பூமிநாதன்: குடுத்து வச்சவன். தண்ணி?

காளீஸ்வரன்: நாளைக்கு மூணு லிட்டரு குடிச்சே ஆகணும்னு...

பூமிநாதன்: மூணு லிட்டரு! கேட்டியா கோகிலா? எனக்கு நீ டம்ளருல அளந்து ஊத்துறே. மொளகாத் தோட்டத்துல வெயில்ல நின்னுட்டு வந்து, ஒரு துண்டு ஐஸ்ஸ வாயில போட்டுச் சப்பிக்கிட்டுக் கெடக்கேன் நான்.

காளீஸ்வரன்: அதுக்குத்தாண்ணே சொல்றேன். கையெழுத்தப் போடுங்க. ஜெயப்பிரியா மேடம் அஞ்சு மணிக்கு மதுரைக்குக் கெளம்பிருவாக. அவுக கையில குடுத்து விட்டுருவோம்.

பூமிநாதன்: கிட்னிப் பட்டியல வச்சிருக்கிற மேடம் ஒன்னைய எப்ப வேலைக்குச் சேத்தாக?

காளீஸ்வரன்: வேலையும் இல்ல, ஒன்னும் இல்ல. நீங்க கையெழுத்துப் போட மாட்டேங்கிறீகன்னு கேள்விப்பட்டேன்.

பூமிநாதன்: யாரு சொன்னா?

காளீஸ்வரன்: ...மேடந்தான்.

கோகிலா: மேடந்தான் சொல்லிருப்பாக.

பூமிநாதன்: ஒன்னைய நான் கேக்கலையே... சரி, என்ன எழுதியிருக்கு? படி.

காளீஸ்வரன்: "அறுபது வயதைக் கடந்து மூளைச்சாவு அடைந்த கொடையாளரின் சிறுநீரகம் கிடைத்தால் பெற்றுக்கொள்ளச் சம்மதம்." அம்புட்டுத்தான்.

பூமிநாதன்: அம்புட்டுத்தானா? தேஞ்ச டயர எந் தலையில கட்டப் பாக்குறாக.

காளீஸ்வரன்: அப்படி இல்லண்ணே. எல்லா டெஸ்ட்டும் எடுத்து, டாக்டரு பாத்து, வேல செய்யும்னு சொன்னாத்தான் கூப்புடுவாக. அப்பவும் நீங்க வேணாம்னு சொல்லலாம்.

பூமிநாதன்: பெறகு எதுக்கு முன்கூட்டியே கையெழுத்து?

காளீஸ்வரன்: இல்லாட்டி ஒவ்வொருத்தரா ஃபோன் போட்டுக் கேக்கணும். அவரு யோசிக்கணும். மச்சினனக் கேக்கணும், மாமனாரக் கேக்கணும். கடைசியில வேணாம்பாரு. அடுத்த ஆளு. அவரும் அப்படித்தான். அங்கன கிட்னி ஐஸ்ல கெடக்கு... நேரம் ஆக ஆக அதுக்குச் சத்து கொறையும்ணே. சில சமயம் ஆளே அமையாமக் குப்பைக்குப் போயிருது. சம்மதம்னு மொதல்லயே சொன்னவுகளை வரிசைப்படி கூப்புட்டா, ஒரு மணி நேரத்துல முடிஞ்சிரும்.

பூமிநாதன்: நல்லாப் பேசுறே. மண்டபத்துல மீன் வேன் ஓட்டுனவன் பேசுற மாதிரியே இல்ல.

காளீஸ்வரன்: எனக்கு வச்சதே அறுபத்தஞ்சு வயசு அம்மாவோடதுண்ணே.

பூமிநாதன்: ...என்னது?

காளீஸ்வரன்: ஆமா.

பூமிநாதன்: பைக்குல விழுந்த வாலிபப் பையன்துன்னு சொன்னாகளே!

காளீஸ்வரன்: நான் சொல்லல. ஊருல சொன்னாக. நான் இல்லைன்னு சொல்லல.

பூமிநாதன்: கோகிலா, ஒனக்குத் தெரியுமா இது?

கோகிலா: எனக்கு... எனக்கு எப்படித் தெரியும்?

பூமிநாதன்: இதையே மறச்சவன், இன்னும் என்னத்தடா மறச்சே?

காளீஸ்வரன்: அண்ணே, அஞ்சு மணிக்கு மேடம்...

பூமிநாதன்: மேடம் கெடக்கட்டும். நானும் ஓ பாசிட்டிவ், நீயும் ஓ பாசிட்டிவ். மதுரையில ஒரே ஆஸ்பத்திரியிலதான் பதிஞ்சோம். பட்டியல்ல நான் மூணாம் நம்பரு. நீ ஏழு. இதே கட்டிலுல ஒக்காந்து செல்லுல பாத்தமா இல்லையா?

காளீஸ்வரன்: பாத்தோம்.

பூமிநாதன்: அடுத்த மாசம் நீ கிட்னி வச்சுக்கிட்டே. மூணு இங்கனயே கெடக்கான். ஏழு எப்படிடா முந்திப் போனான்?

காளீஸ்வரன்: பொருத்தம்னு ஒன்னு இருக்குல்லண்ணே...

பூமிநாதன்: பொருத்தம்! கல்யாணத்துக்கா பாத்தாக? வேன எப்ப வித்தே?

காளீஸ்வரன்: வேனா? அது... ஒடம்பு முடியாம ஓட்டாமக் கெடந்து துருப் பிடிச்சுச்சு. வித்துட்டேன்.

பூமிநாதன்: அதே மாசத்துல.

காளீஸ்வரன்: அண்ணே, நீங்க எங்க போறீகன்னு புரியுது. சத்தியமா ஒத்தப் பைசா யாருக்கும் குடுக்கல.

பூமிநாதன்: பெறகு ஏன் ஒம் பொண்டாட்டி இவளக் கண்டா எதிர்ப்பக்கம் போகுது? மின்னாடி ரெண்டு பேரும் இந்த வராண்டாவுல ஒரே பொட்டலத்தப் பிரிச்சுத் தின்னவுகதானே?

கோகிலா: அவுகளுக்கு என்ன அவசரமோ...

பூமிநாதன்: கோகிலா, எஞ் சட்டப் பையில ஒரு பேப்பரு இருக்கு. எடு.

கோகிலா: என்ன பேப்பரு?

பூமிநாதன்: கலெக்டருக்கு மனு. திங்கக்கெழம குறைதீர்க்குற கூட்டத்துல குடுக்கப் போறேன். மூணாம் நம்பர விட்டுட்டு ஏழுக்கு எப்படிப் போச்சு, விசாரிங்கன்னு எழுதியிருக்கேன்.

கோகிலா: எப்ப எழுதுனீக? எங்கிட்டச் சொல்லவே இல்ல!

பூமிநாதன்: சொன்னா விட்டிருப்பியா? இவன் பேர எடுத்தாலே அடுப்படிக்குள்ள போயிர்றே.

கோகிலா: குடுக்காதீக. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். விசாரணைன்னு வந்தா, யாரு யாருக்கு ஃபோன் போச்சு, யாரு என்ன சொன்னாகன்னு எல்லாத்தையும் நோண்டுவாக...

பூமிநாதன்: நோண்டட்டுமே. அதுக்குத்தானே மனு...

கோகிலா: வாயி காயுதா? ஐஸ்ஸு ஒன்னு தரவா?

பூமிநாதன்: யாருக்கு ஃபோன் போச்சு, கோகிலா?

காளீஸ்வரன்: அண்ணே, மனுவக் குடுங்க. எம் பேர எழுதியே குடுங்க. நான் குறுக்கு வழியில போனேன்னே வச்சுக்கங்க. ஆனா இந்தப் பேப்பருல மட்டும் கையெழுத்துப் போட்டுருங்க.

பூமிநாதன்: இப்பத்தான் சத்தியம் பண்ணுனே. இப்ப தப்ப ஒத்துக்கிறே. ரெண்டு பேரும் சேந்து என்னைய என்னன்னு நெனச்சீக?

காளீஸ்வரன்: நீங்க மொதல்ல கையெழுத்துப் போடுங்க. பெறகு நடந்தத நடந்தபடி சொல்றேன்.

பூமிநாதன்: பேரம் பேசுறியா?

காளீஸ்வரன்: பேரந்தாண்ணே. நான் சொல்லிட்டா, அந்தக் கோவத்துல நீங்க இதைக் கிழிச்சுப் போட்டுருவீக.

பூமிநாதன்: ...அம்புட்டுப் பெரிய விசயமா?

காளீஸ்வரன்: போடுங்கண்ணே.

பூமிநாதன்: பேனாவக் குடு. இந்தக் கையில ஊசி இல்ல... கோகிலா, அட்டையப் பிடி. நேராப் பிடி. எங்க பாக்குறே?

கோகிலா: ஒன்னும் இல்ல. மணியப் பாத்தேன்.

பூமிநாதன்: ...இந்தா. பூமிநாதன், அபிராமம், தேதியும் போட்டாச்சு. சொல்லு.

காளீஸ்வரன்: அன்னைக்கு மத்தியானம்ணே...

கோகிலா: தம்பி, நீங்க சொல்ல வேணாம். நான் சொல்றேன்.

பூமிநாதன்: நீயா?

கோகிலா: அன்னைக்கு டயாலிசிஸ் முடிச்சு வந்து, காலு ரெண்டும் சுண்டி இழுக்குதுன்னு துடிச்சீக. மாத்திரையப் போட்டு அப்பத்தான் கண்ணசந்தீக. ஒங்க ஃபோன் அடிச்சுச்சு. நான் எடுத்தேன்.

பூமிநாதன்: மதுரையா?

கோகிலா: ஆமா. கிட்னி ஒன்னு வந்திருக்கு, ஒடனே கெளம்பி வர முடியுமான்னாக. அறுபத்தஞ்சு வயசு அம்மாவாம். பிரஷரு இருந்துச்சாம். வேற ரெண்டு ஆஸ்பத்திரியில வேணாம்னுட்டாக, ஆனா நல்லா வேல செய்யும்னு எங்க டாக்டரு சொல்றாருன்னாக. அரை மணி நேரத்துல சொல்லணும்னாக.

பூமிநாதன்: என்னைய எழுப்ப வேண்டியதுதானே?

கோகிலா: எழுப்புனா, எதுவா இருந்தாலும் சரின்னு ஓடிருப்பீக. எனக்குப் பயம். ரெண்டு எடத்துல வேணாம்னதை ஒங்க ஒடம்புக்குள்ள வைக்கவான்னு... எங் கிட்னியக் குடுக்கலாம்னா எனக்குச் சுகரு. இந்தக் கிட்னியும் போயி, நீங்களும் போயிட்டீகன்னா?

பூமிநாதன்: அதனால?

கோகிலா: வேணாம்னு சொல்லிட்டேன்.

பூமிநாதன்: எட்டு மாசம்டி... வாரத்துக்கு ரெண்டு நாளு. ஒவ்வொரு நாளும் ரெண்டு ஊசி.

கோகிலா: தெரியும். பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்.

பூமிநாதன்: பாத்துக்கிட்டே நின்னியே! இந்தா இவன் மூணு லிட்டரு குடிக்கிறான்... அது எனக்கு வந்தது. எனக்கு வந்ததுதானேடா அது?

காளீஸ்வரன்: ஆமாண்ணே.

பூமிநாதன்: ...சரி. அழாத. அழாதன்றேன்ல, அங்கன நர்ஸம்மா பாக்குது. பயந்துட்டே. ஒன்னையச் சொல்லி என்ன ஆகப் போகுது... ஏலே காளி, ஒம் மேல கண்டதையும் நெனச்சுட்டேன்டா. ரெண்டு மாசமா ராவெல்லாம் இதே நெனப்பு. மன்னிச்சுக்க. கோகிலா, அந்த மனுவக் கிழிச்சுப் போடு.

காளீஸ்வரன்: கிழிக்காதீக மதினி.

கோகிலா: தம்பி, போதும். பஸ்ஸுக்கு நேரமாச்சு, கெளம்புங்க.

பூமிநாதன்: இரு, இரு. நீ ஏன் அவனை வெரட்டுறே?

கோகிலா: வெரட்டல. தம்பி இங்கன கூட்டத்துல இருக்கக்கூடாது...

பூமிநாதன்: ஒரு தலைவலி மாத்திர வாங்கணும்னா நாலு பேரக் கேக்குறவ நீ. அரை மணி நேரத்துல நீயாவா முடிவு பண்ணுனே? யாரைக் கேட்டே?

கோகிலா: யாரையும் கேக்கல.

பூமிநாதன்: ஒந் தங்கச்சியையா?

கோகிலா: இல்லைங்க. நானாத்தான்...

பூமிநாதன்: பொய் சொல்லாத. எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. யாரைக் கேட்டே?

காளீஸ்வரன்: என்னையத்தாண்ணே கேட்டாக. மூணு வருசம் பக்கத்துக் கட்டிலுல கெடந்தவன், தம்பிக்கு வெவரம் தெரியும்னு நம்பி எனக்குத்தான் ஃபோன் போட்டாக. கெழவி கிட்னி, ரெண்டு எடத்துல தள்ளுனது, வேற நல்லதா வரும், விட்டுருங்க மதினின்னேன். சொல்லும்போது நெசமாத்தாண்ணே சொன்னேன். நாலு, அஞ்சு, ஆறு, எல்லாரும் வேணாம்னுட்டாக போல... ரெண்டு மணி நேரத்துல எனக்கே ஃபோன் வந்துச்சு. அதே அம்மா, அதே கிட்னி. ஒங்க வீட்டுக்கு ஒரு ஃபோன் போட்டுச் சொல்லிருக்கலாம்... அப்ப நான் யாரையும் கேக்கலண்ணே. சரின்னுட்டேன்.