நல்லதம்பி ஐயா முன்மொழியாமல் போன தீர்மானம்

மேடையை அணிசெய்யும் பெரியோர்களே! பெரார்கஞ்ச் வாழ் உறவுகளே! கப்பலேறிக் கச்சால் தீவிலிருந்து வந்திருக்கும் தோட்டத் தோழர்களே! சங்கத்தின் துணைச் செயலாளர் விஜயகுமாரியின் கண்ணீர் வணக்கம்.

நம் தலைவர், பெருமதிப்பிற்குரிய நல்லதம்பி ஐயா இன்று இல்லை. அவர் இறுதிவரை மல்லுக்கட்டியது எதனோடு? ஒரே ஓர் ஆங்கிலச் சொல்லோடு! நம் சங்கப் பலகையில் இன்றும் நிற்கும் 'ரிபாட்ரியேட்' என்ற சொல்லோடு!

பள்ளி எனக்குத் தராத ஆங்கிலத்தை அகராதி தந்தது. அதை நம்பிச் சொல்கிறேன். இலத்தீன் மொழியில் 'பாட்ரியா' என்றால் தந்தையர் நாடு. முன்னே நிற்கும் 'ரி' மீண்டும் என்பதைக் குறிக்கும். தந்தையர் நாட்டுக்குத் திரும்பியவர் என்பது பொருள். போர்க் கைதிகளுக்கும் இச்சொல்தான். அயல்நாட்டில் இறந்து ஊர் வந்து சேரும் உடல்களுக்கும் இச்சொல்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ரப்பர் பால் எடுக்க இந்த அந்தமான் நிக்கோபார் தீவுகளுக்கு வந்த நமக்கும் இதையே சூட்டினார்கள்!

ஒருமுறை போர்ட் பிளேயர் அலுவலகத்தில், எப்போது திரும்பி வந்தீர்கள் என்று அதிகாரி இந்தியில் கேட்டார். ஐயா விடுவாரா?

"வாபஸா? எங்கப்பனே அங்க இலங்கையில பொறந்தவன் சாப்! நாங்க வந்ததே பஹலி பார்!"

முதல்முறை வந்தவனைத் திரும்பியவன் என்பது தகுமா? ஆயினும் அச்சொல்லைக் காட்டித்தான் நம்மவர் பலருக்கு வேலை வாங்கிக் கொடுத்தார். மனு எழுதும்போதெல்லாம் என்னிடம், "போடு தாயி, அந்தப் பெரிய வார்த்தைய" என்பார். சோறு போட்ட சொல்லை வெறுக்கவும் முடியாமல், ஏற்கவும் முடியாமல் தவித்த மனம் அது.

சென்ற மாதச் செயற்குழுவில்தான் வாய்திறந்தார். பலகையிலிருந்து அதை நீக்கிவிடலாம் என்றார். நம் பொருளாளர் பழனிசாமி ஐயா கொதித்தெழுந்தார்.

"பேரை எடுத்தா சர்க்கார் நம்மள மறந்துரும்டா! சும்மா கெட!"

"ஞாவகம் வச்சு என்னத்தக் கிழிச்சாங்க? பேச்சியம்மாவ இங்கதான பொதைச்சேன்? அப்பன் நாட்ட அந்த வார்த்தை தேடட்டும். எம் புள்ளைகளுக்கு ஆத்தா கெடக்குற மண்ணு போதும்டா."

"பொண்டாட்டிய வச்சு ஓட்டு கேக்குறியா?"

அவை சிரித்தது. ஐயாவும் சிரித்தார். பொதுக்குழுவில் தாமே முன்மொழிவதாகச் சொன்னார். பொதுக்குழு வரும் ஞாயிறு, அவரோ முந்திக்கொண்டார்.

பேச்சியம்மாவின் அருகிலேயே அவரைக் கிடத்தினோம். இனி அவரைத் திரும்பியவர் என்று எவர் அழைக்க முடியும்? எங்கிருந்து எங்கே திரும்பினார்? இங்கே வாழ்ந்தார், இங்கேயே இருக்கிறார்!

அவர் விட்டுச்சென்ற தீர்மானத்தை ஞாயிறன்று நான் முன்மொழிவேன். இது அவர் படத்தின் முன் நான் ஏற்கும் உறுதி. வழிமொழிய ஒருவர் வேண்டும்.

பழனிசாமி ஐயா, அவர் குழியில் முதல் பிடி மண்ணைப் போட்டவர் நீங்கள். அது யாருடைய மண் என்று உங்கள் கைக்குத் தெரியும். வழிமொழிபவரின் இடத்தை உங்களுக்காகவே விட்டுவைத்திருக்கிறேன்.