லேபிள்ல இருக்கிற தாடிக்காரர்

எட்டு ஒயின் தோட்டமா? ஐயய்யோ, ஒரே நாள்ல எட்டுக்குப் போனா நாலாவதுலயே நாக்கு மரத்துப்போயிடும் சார். அப்புறம் ரெட் ஒயின்னு மையை ஊத்திக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவீங்க. மூணு போதும். அந்த லிஸ்ட்டை இப்படிக் குடுங்க, சிக்னல்ல நிக்கிறப்ப பாத்துடறேன். வீட்டம்மா பின்சீட்டுல நல்லாத் தூங்குறாங்க, எழுப்பாதீங்க.

மொதல் ரெண்டையும் அடிச்சிருங்க. பெரிய கேட்டு, வாசல்ல நீரூத்து, போட்டோ எடுக்கத்தான் லாயக்கு. எப்படிச் சொல்றேன்னா? வாளியைப் பாத்துதான். ருசி பாக்கிற மேஜையில துப்புறதுக்கு ஒரு வாளி வச்சிருப்பாங்கல்ல, தெரியாதா? நாலஞ்சு எடம் போகணுமேன்னு வர்றவங்க வாயில வச்சுப் பாத்துட்டுத் துப்பிடுவாங்க, அது வழக்கம்தான். ஆனா துப்பறதுக்குன்னு குனிஞ்சவன், மனசு கேக்காம முழுங்கிட்டு நிமிர்றான் பாருங்க, அதான் நல்ல எடம். ஆறு வருஷமா கதவோரம் நின்னு நான் வாளியைத்தான் பாத்துட்டிருக்கேன்.

நானா? குடிச்சுப் பிரயோஜனம் இல்ல சார். எனக்கு வாசனையே தெரியாது. வாசனை தெரியாதவனுக்கு எந்த ஒயினும் புளிச்ச தண்ணிதான்.

இந்த அஞ்சாவதை வச்சுக்கங்க. ரிட்டயரான கணக்கு வாத்தியார் நடத்துறார். மூஞ்சி குடுத்துப் பேசமாட்டார், சிரிச்சா காசு கேப்பாங்களோன்னு இருப்பார், ஆனா வாளி காஞ்சு கெடக்கும். ஆத்தோரம் இருக்கிறதையும் வச்சுக்கங்க. மூணாவதுக்கு...

ஓ. அதுக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தீங்களா? பாட்டிலையே பையில கொண்டு வந்திருக்கீங்களே! தெரியும் சார். தாடிக்காரர் படம், கீழ மச்சான்னு பேரு. அந்தக் கதையும் தெரியும். தோட்டத்தை உருவாக்கினவர் அல்பாயுசுல போயிட்டார், தங்கச்சி புருஷன்தான் மச்சான் நெனப்புல நடத்திட்டு வர்றார். படிச்சிட்டு வீட்டம்மா அழுதாங்களா? அழுவாங்க, எல்லாரும்தான் அழறாங்க. வேணாம்னு சொல்லல சார், வாத்தியார் கிட்டயே இன்னும் ரெண்டு கிளாஸ் சேத்துப் பாக்கலாமேன்னுதான். மாட்டீங்க. சரி, போவோம். பதினஞ்சு நிமிஷம்.

நான் அங்க வேலை பாத்தவன்தான். கல்லு பொறுக்கி, குழி தோண்டி, மொதல் கொடி நட்டதுலேர்ந்து எனக்கு அத்துப்படி. தாடிக்காரருக்கு மூக்கு. எந்தப் பீப்பாவை எதோட கலக்கணும்னு மோந்து பாத்தே சொல்லிடுவார். தங்கச்சி மாப்பிள்ளைக்கு மோந்தா மண்ணும் தெரியாது, ஆனா பேச்சு இருக்கே, நாங்க பொறுக்கிப்போட்ட கல்லையே வித்துடுவான். ரெண்டு பேரும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்க சார்.

அப்புறம் தாடிக்காரருக்கு ஒரு காய்ச்சல் வந்துச்சு. எந்திரிச்சு வந்து பீப்பாவைத் தொறந்தா, ஒண்ணுமே இல்ல. வாசனையே வரல. உயிரே போயிடுச்சு அவருக்கு. மாப்பிள்ளைகிட்ட மட்டும் சொன்னார். அவன் கையைப் புடிச்சுக்கிட்டு, மச்சான், வெளிய மூச்சு விடாதீங்க, தெரிஞ்சா ஒரு பய நம்ம ஒயினை வாங்கமாட்டான், எங்கயாவது தூரமாப் போய் உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க, எல்லாத்தையும் நான் பாத்துக்கிறேன்னான். நம்பிப் போனார். நல்லாப் பாத்துக்கிட்டான்.

பத்து மாசம் கழிச்சுத் திரும்பி வந்தார்...

ஆமா சார், திரும்பி வந்தார். செத்தவர் எப்படி வருவார்னு கேக்கறீங்க, நியாயம்தான். அதையேதான் அவரும் கேட்டார். ருசி பாக்கிற ரூமுக்குள்ள நுழைஞ்சா சுவத்துல அவர் படம், மேல ஒரு குட்டி லைட்டு. முப்பது பேரு முன்னாடி நின்னு மாப்பிள்ளை உருகி உருகிப் பேசிட்டிருக்கான், கடைசியா மச்சான் என் மடியிலதான் கண்ணை மூடினார்னு. வாளியில ஒரு சொட்டு இல்ல. எல்லாரும் முழுங்கறாங்க, அழறாங்க, பெட்டி பெட்டியா வாங்கறாங்க.

அவனை விடுங்க, வெளியிலேர்ந்து வந்தவன். மேஜைக்குப் பின்னாடி கூடப்பொறந்த தங்கச்சி, அழறவங்களுக்கு டிஷ்யூ நீட்டிட்டு நிக்கிறா. அண்ணனைப் பாத்தா. ஓடி வந்தா. கட்டிப்புடிப்பான்னு நெனச்சேன் சார். தோளைப் புடிச்சு வெளிய தள்ளிட்டு வந்து, அண்ணே, இப்பதான் நல்லா ஓடுது, வந்து கெடுத்துறாதேன்னா.

என்ன பாக்கறீங்க? தாடியை அன்னிக்கே எடுத்துட்டேன். இந்தக் கண்ணாடியில தெரியற என் மூஞ்சிகிட்ட பாட்டிலைப் புடிச்சுப் பாருங்க, கண்ணு மாறல.

சண்டை போட்டிருக்கலாம்தான். அடுத்த நாளே தோட்டம் ஊத்தி மூடியிருக்கும், அவ தெருவுக்கு வந்திருப்பா. என்னால முடியல. நம்ப வச்சுக் கழுத்தறுத்தாலும் அவ என் தங்கச்சியா போயிட்டாளே, என்ன பண்றது சொல்லுங்க.

எடம் வந்துடுச்சு. அம்மாவை எழுப்புங்க. அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லவேணாம், ஆசையா வந்திருக்காங்க. நல்ல ஒயின்தான் சார், பழைய பீப்பாவா கேளுங்க, அது நான் கலந்தது. நான் உள்ள வரல. ஒரே ஒரு உதவி. டிஷ்யூ நீட்டுவாளே, அவகிட்ட, வெளிய டிரைவருக்குக் குடிக்கத் தண்ணி வேணுமாம்னு மட்டும் சொல்லுங்க. இங்க வர்ற எல்லார்கிட்டயும் இதான் சொல்லி அனுப்புறேன். வேலைக்காரங்கதான் கொண்டு வந்து குடுப்பாங்க. ஆறு வருஷமாச்சு, அவ இன்னும் வரல.