கறுப்புத் திரை தாண்டி வந்த குறட்டை

ஒலிபெருக்கியைப் பிடித்தால் விட மனமில்லாத தலைவர் அவர்களே! என் கணவரைப் பற்றி அரை மணி நேரம் பேசி, அவர் பெயரை மட்டும் தப்பாகச் சொன்ன செயலாளர் அவர்களே! கணினி மன்றத்துப் பெரியவர்களே! கொட்டாவியை முந்தானையால் மறைக்கும் தாய்மார்களே! தேநீர் எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் பின்வரிசைத் தம்பிகளே! அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவளின் அன்பான வணக்கம்.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. இன்று படம் திறந்தீர்கள், பூ வைத்தீர்கள், "அமைதியின் சிகரம்" என்றீர்கள். சிகரமாவது மண்ணாவது! அந்த மனுஷன் பேசவே மாட்டார் ஐயா! கேட்டால் பதில் வராது, திட்டினால் கோபம் வராது. கல்லோடு குடித்தனம் பண்ணினவள் நான்!

ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் வாய் திறப்பார். "நீ குறட்டை விடுறே." "நானா? பொய்!" கல்யாணம் ஆன நாளாய் இந்த வழக்கு நடந்தது. கடைசியில், நான் தூங்கும்போது பதிவே செய்துவிட்டார். "நானும் அதுல ரெண்டு வார்த்தை பேசியிருக்கேன், கேளேன்" என்றார். கேட்க மாட்டேன் என்று வீம்பு பிடித்தேன். அவர் போன பிறகுதான் உறைத்தது. அவர் குரல் என்று வீட்டில் இருப்பது அது ஒன்றுதான்!

எங்கே இருக்கிறது? அவருடைய பழைய லினக்ஸ் பெட்டிக்குள்! அதில் இப்போது படம் வருமா? வராது. பாட்டு வருமா? வராது. கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். "நிறுத்தினா மறுபடி ஓடாதுக்கா" என்று கையை விரித்துவிட்டார் ரிப்பேர்க்காரர். மகளின் மடிக்கணினியோ விண்டோஸ். முகம் கொடுத்துப் பேசாத ஓரகத்திகள் மாதிரி இரண்டும்!

என்ன தம்பி, பென் டிரைவா? அதைச் சொருகுகிற ஓட்டையும் செத்துப்போச்சு. உட்காருங்கள்.

மகள் நடுவில் ஒரு வயரைப் போட்டாள். "என் கம்ப்யூட்டர்லேருந்து கட்டளை அடிச்சு அந்தப் பதிவை இழுத்துடலாம்மா. எஸ்.சி.பி.ன்னு அடி. எங்கேருந்துன்னு சொல்லு, எங்கேன்னு சொல்லு."

"எங்கேன்னு எப்படிடி சொல்றது?"

"ஒரு புள்ளி வை. இங்கேயேன்னு அர்த்தம்."

அடேயப்பா! ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு வாங்க என்று அவரிடம் நான் கத்தின கத்தல் என்ன, இங்கே ஒரு புள்ளியில் காரியம் முடிகிறதே!

அடுத்துக் கடவுச்சொல் கேட்டது. எனக்குத் தெரியும். அவர் கை நடுங்கின நாளில் நான்தான் அடித்துக் கொடுப்பேன். அப்போது எழுத்துக்கு ஒரு பொட்டு விழும். இப்போது? தட்டுகிறேன், தடயம் இல்லை! குத்துகிறேன், கோடு கூட இல்லை! பதற்றத்தில் மாற்றி மாற்றி அடித்தேன். அனுமதி இல்லை என்று திருப்பித் திருப்பி விரட்டியது. பெட்டியின் கரகரப்பு வேறு ஏறுகிறது. "வாயத் தொறந்து ஒரு தடவையாவது பதில் சொல்லேன்!" என்று அலறிவிட்டேன். பெட்டியைப் பார்த்தா அலறினேன்?

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அது காட்டாது. ஆனா நீ அடிக்கிறதெல்லாம் உள்ள போய்க்கிட்டுதான் இருக்கு. பதறாம அடி."

சபையோரே! காட்டவில்லை என்றால் கேட்கவில்லை என்று அர்த்தமா? முகம் அசையவில்லை என்றால் மனசு அசையவில்லை என்று அர்த்தமா? இத்தனை வருஷம் நான் கொட்டினதெல்லாம் எங்கே போனது? உள்ளேதான் போனது ஐயா, உள்ளேதான் போனது!

பொறுமையாக அடித்தேன். நூறு சதவீதம் என்று விழுந்தது. வந்து சேர்ந்துவிட்டது!

போட்டுக் கேட்டோம். முதலில் அவருடைய குசுகுசுப்பு: "கனம் நீதிபதி அவர்களே, எதிரி தூங்குகிறாள். சாட்சியம் ஆரம்பம்." அப்புறம் மாவு மில் ஓடுகிறது! கை தட்டாதீர்கள், மானம் என்னுடையது. நடுவில் தூக்கக் கலக்கத்தில் நான், "என்ன?" என்கிறேன். அவர், "ஒண்ணுமில்ல, நீ தூங்கு" என்கிறார். போர்வையை இழுத்து மூடுகிற சத்தம். அவ்வளவுதான்.

அவர் போனதிலிருந்து கண் மூடாதவள், அன்று படுத்தேன். விடிந்ததும் மகள், "வீடே அதிர்ந்துச்சும்மா!" என்றாள்.

"பொய்! சாட்சி எங்கே?" என்றேன்.

சாட்சி இதோ, படத்திலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறார். இருக்கட்டும். நான் பேசுவதெல்லாம் உள்ளே போகிறது.

இவ்வளவு நேரமும் குறட்டை விடாமல் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தேநீர் வந்துவிட்டது தம்பிகளே, வணக்கம்!