அமைச்சர் கையால் ஒரு நெருப்பு

— அணைச்சுடுன்னா அணைச்சுடு, ராதோயே. இதுல யோசிக்க என்ன இருக்கு?

— டைரக்டர் தோழரே, அது என்ன வீட்டு அடுப்பா, தண்ணி தெளிச்சா அடங்கறதுக்கு?

— பத்தொன்பதாம் தேதி காலைல பத்து மணிக்கு பெல்கிரேட்லேர்ந்து அமைச்சர் வர்றார். பேண்டு வாத்தியம். கையில தீப்பந்தம். உலை வாயில அவர்தான் நெருப்பு வைக்கணும். வரலாற்றுத் தருணம்பா! ஏற்கெனவே எரிஞ்சிட்டிருக்கிற உலைக்கு எப்படி வைப்பார்?

— வைக்க வேண்டாம்னு சொல்லுங்க. மராமத்து முடிஞ்சு மூணு மாசமா அது தானா எரியுது. முதல் ரெண்டு நாள் எண்ணெய் ஊத்திச் சூடேத்தினோம், அவ்வளவுதான். கல்லுக்குள்ள இரும்போட கந்தகமும் இருக்கு. அது எரிஞ்சு குடுக்கற சூட்டுலயே அடுத்த கல்லு பத்திக்கும். மிஞ்சற சூட்டைத் தண்ணிக் குழாய் வச்சு வெளிய இழுக்கறதுதான் எங்க பாடு.

— எனக்கே பாடமா?

— உங்களுக்கு எதுக்குப் பாடம்? இந்த உலையில நிலக்கரி மிச்சம் பிடிச்சதுக்குத்தானே உங்க கோட்டுல அந்தப் பதக்கம். நிலக்கரியே தின்னாத உலை.

— மிச்சம் மிச்சம்தானேப்பா. பேச்சை மாத்தாதே. காத்தை நிறுத்து, கல்லு போடறதை நிறுத்து. அணைஞ்சிடும்.

— அணையும். எண்ணூறு டிகிரியிலேர்ந்து மெதுவா இறங்கும். அறுநூறுக்குக் கீழ வந்துட்டா, கந்தகம் புகையாப் போகாம இரும்போடயே உப்பா ஒட்டிக்கும். உள்ள இருக்கறது மொத்தமும் ஒரே பாறை. போன வருஷம் ஆண்டு விழாவுக்கு அணைக்கச் சொன்னீங்களே, மறந்துட்டீங்களா? எட்டு பேர், ஆறு நாள், கடப்பாரை. என் வலது தோளு இன்னும் மேல வர மாட்டேங்குது.

— தியாகம் இல்லாம சோஷலிசம் ஏதுப்பா?

— அந்த ஆறு நாள்ல நாலாவது நாள் பத்தொன்பது. எங்க குடும்பத்தைக் காக்கற புனிதர் நிக்கோலாவோட நாள். சொந்தபந்தமெல்லாம் வந்து உக்காந்திருக்கு. மெழுகுவத்தி ஏத்த வேண்டிய வீட்டுக்காரன் இங்க பாறை இடிக்கறேன். என் பொண்டாட்டி ஸ்தானா மூணு மாசம் பேசலை. இந்த வருஷமும் நான் இல்லாட்டி அண்ணன் வீட்டோட போயிடுவேன்னுட்டா. சும்மா சொல்ற பொம்பளை இல்ல.

— இன்னுமா இந்தப் புனிதர், மெழுகுவத்தி எல்லாம்? அதையும் கட்சிக்காரன் காதுல வந்து சொல்றே!

— அன்னிக்கு என் லீவுச் சீட்டுல கையெழுத்துப் போட்டவரே நீங்கதானே, வேற யார் காதுல சொல்ல? ஒரு வழி இருக்கு, கேளுங்க. பக்கத்துல ஒண்ணாம் நம்பர் உலை, செத்துப் பதினோரு வருஷம். பெயிண்ட் அடிங்க. உள்ள எண்ணெய்த் துணி போட்டு வைக்கச் சொல்றேன். அமைச்சர் பந்தத்தை நீட்டினா குபீர்னு பத்தும், கை தட்டுங்க. எரியற உலை அது பாட்டுக்கு எரியட்டும். நான் வீட்டுக்குப் போறேன்.

— அடடே! கந்தக நாத்தமும் வராது!

— உள்ள கந்தகமே இல்லையே.

— பிரமாதம்! சாயங்காலம் வரைக்கும் அது அணையாமப் பாத்துக்கோ.

— சாயங்காலமா? எதுக்கு?

— விருந்து முடிச்சு ஆறு மணிக்கு அமைச்சர் திரும்ப வர்றார். தான் ஏத்தின நெருப்பை நீலக் கண்ணாடித் துளை வழியாப் பாக்கறார். நிகழ்ச்சி நிரல்ல அச்சடிச்சாச்சு.

— துணி பத்து நிமிஷம் தாங்காது, தோழரே. அது தானா எரியற உலை இல்ல.

— அதான் சொல்றேன், நீ கூடவே இருக்கணும். லீவு ரத்து. என்னப்பா முறைக்கறே?

— முறைக்கக்கூடத் தெம்பில்ல. பதினெட்டு வருஷமா விறகே கேக்காத நெருப்போட குடும்பம் நடத்தினேன். இப்ப செத்த உலைக்குத் தீனி போடணும். என்னமோ போங்க. எங்க வீட்டு மெழுகுவத்தி முழங்கை உசரம். காலைல ஏத்தினா சாயங்காலம் வரைக்கும் நிக்கும். அதை உலைக்குள்ள துணிக்குப் பின்னால வச்சிடறேன், துணியிலேர்ந்து அதுவும் பத்திக்கும். ஸ்தானாவை ரொட்டியும் மீனும் எடுத்துக்கிட்டு விருந்தாளிங்களோட உலைக்குப் பின்பக்கம் வரச் சொல்றேன். நீலக் கண்ணாடி வழியாப் பாத்தா எல்லா வெளிச்சமும் உலைதான். இந்த வருஷம் புனிதர் நிக்கோலாவுக்கு அமைச்சர் கையால விளக்கு. வேணும்னா என்னைக் கட்சியை விட்டுத் தூக்குங்க.

— கதவைச் சாத்து முதல்ல... மெழுகுவத்தி ஒண்ணு போதாது, ராதோயே. எங்க வீட்லயும் அதே நிக்கோலாதான். என்னுதையும் பக்கத்துல வச்சுடு.