ஒரு குப்பி மிச்சம்

தூண்டிலின் நைலான் நரம்பு பழசானால் நிறையப் பேர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. கழற்றித் தலைமாற்றிச் சுற்றினால், வெயில் படாமல் அடியில் கிடந்த பகுதி மேலே வந்துவிடும். இன்னொரு வருடம் ஓட்டலாம்.

இதிலிருந்து ஏன் தொடங்குகிறேன் என்றால், நான் கருமி என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். கருமி செலவே செய்ய மாட்டான். நான் மீன்பிடிப் போட்டிக்குக் கட்டணம் கட்டுகிறேன், படகுக்குப் பெட்ரோல் போடுகிறேன். மற்றதில்தான் மிச்சம் பிடிக்கிறேன். டயர் கடையில் கழித்துப் போட்ட ஈயத்தைப் பழைய கரண்டியில் உருக்கித் தூண்டிலுக்குக் குண்டு செய்துகொள்வேன். அதற்குப் பிறகு அந்தக் கரண்டியை என் மனைவி சமையலுக்குத் தொடுவதில்லை. அவள் கொஞ்சம் பயந்த சுபாவம்.

போட்டியில் ஜோடியாகத்தான் சேர முடியும். என் ஜோடி என் தங்கையின் கணவர். நல்ல மனிதர், பருமனானவர். அவர் உட்காரும் பக்கம் படகு சற்றுத் தாழ்ந்தே போகும். பெட்ரோலுக்குப் பாதிக்குப் பாதி கொடுப்பார். எடைக்கேற்ற பங்கு கேட்கலாமா என்று ஒரு தடவை யோசித்தேன். உறவு கெடும் என்று விட்டுவிட்டேன்.

"ஒரு டீயை வாங்கி ரெண்டாப் பிரிக்கிறீங்களே மச்சான், ஒரே தூண்டிலை மாத்தி மாத்திப் பிடிச்சா இன்னும் மிச்சமாகுமே" என்று கேலி செய்வார். அதையும் விசாரித்திருந்தேன். போட்டி விதியில் இடமில்லை.

எங்கள் லைஃப் ஜாக்கெட்டுகள் தட்டையானவை. கயிற்றை இழுத்தால் உள்ளே இருக்கும் விரல் நீளக் கேஸ் குப்பி திறந்து, சட்டென்று ஊதிக்கொள்ளும். ஒரு குப்பி ஒரு தடவைக்குத்தான். போன போட்டி முடிந்து கிளம்பும்போது என் கயிறு கார் கதவில் மாட்டிக்கொண்டது. வண்டி நிறுத்துமிடத்தில், காய்ந்த தரையில் நின்றபடி, நான் பலூனாகிப்போனேன். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை நிற்க முடியாமல் கீழே உட்கார்ந்து சிரித்தார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

புதுக் குப்பியின் விலையைக் கடையில் கேட்டேன். வெளியே வந்துவிட்டேன்.

சாமான்கள் எல்லாம் என் வீட்டுப் பின்னறையில்தான் இருக்கும். அவருடைய குப்பியைக் கழற்றி என் ஜாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். என் காலிக் குப்பியை அவருடையதில் திருகினேன். படகு இறக்கும் இடத்தில் ஜாக்கெட் போட்டிருக்கிறோமா என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அவருக்கு நீச்சல் தெரியும் என்றும் நினைத்தேன். கல்யாணமான புதிதில் எடுத்த படம் ஒன்றில் நீச்சல் குளத்தில் நிற்பார். முழங்கால் வரைதான், ஆனால் முகத்தில் நல்ல தைரியம்.

வாயால் ஊதுவதற்கும் அவருடைய ஜாக்கெட்டில் ஒரு குழாய் உண்டு. அதில் காற்று கசிந்ததால் முன்பே பஞ்சர் பசை போட்டு அடைத்திருந்தேன். பசை வீட்டிலேயே இருந்தது.

அன்று ஏரியில் காற்றே இல்லை. போட்டி முடியும் நேரத்தில் என் தூண்டிலில் விழுந்தது, அதுவரை நான் பார்க்காத பெரிய மீன். அதை அள்ள மாப்பிள்ளை கைவலையோடு எழுந்து குனிந்தார். படகு சாய்ந்தது. வலையும் அவரும் சேர்ந்து போனார்கள்.

கயிற்றை இழுத்தார். 'டிக்' என்றது, அவ்வளவுதான்.

"மச்சான், இது ஊத மாட்டேங்குது."

"குழாய்ல ஊதுங்க மாப்ள" என்றேன். அப்புறம்தான் பசை ஞாபகம் வந்தது. அதைச் சொல்ல அது நேரமில்லை.

"கையைக் குடுங்க மச்சான்."

"ஒரு நிமிஷம் மாப்ள."

நீங்கள் தூண்டில் பிடித்தவரில்லை, அதனால் சொல்கிறேன். என்னுடையது பழைய நரம்பு. இறுக்கினால் அறும், தளர்த்தினால் மீன் கொக்கியை உதறிவிடும். இரண்டு கையும் வேண்டும். அவசரப்படவே கூடாது. மாப்பிள்ளை அவசரப்பட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரும் அவசரப்படவில்லை.

மீனைத் தூக்கிப் படகிலிருந்த தண்ணீர்த் தொட்டியில் விட்டுத் திரும்பினேன். ஏரி அமைதியாக இருந்தது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். பிறகு நேரே கரைக்கு ஓட்டினேன். எடை போட்டதும் மீனை உயிரோடு ஏரியில் விட வேண்டும்; செத்துப்போனால் எடையில் கழித்துக்கொள்வார்கள்.

"பார்ட்னர் எங்கண்ணே?" என்று தராசுக்காரர் கேட்டார்.

"பின்னால வர்றார். நீங்க முதல்ல எடையைப் போடுங்க."

அதைப் பொய் என்று சொல்ல முடியாது. சாயங்காலம் வந்துவிட்டார். நான்கு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

தங்கை கேட்டது ஒன்றுதான். "அண்ணா, அவர் ஜாக்கெட் போட்டிருந்தாரா?"

"போட்டிருந்தார்மா. நான்தான் மாட்டிவிட்டேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். குப்பி காலி என்று எனக்குத் தெரியும். போட்டது நான். கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் அவர் இருந்தார், நான் நீட்டவில்லை. இதற்கெல்லாம் கையெழுத்துப் போடுகிறேன். இரக்கமில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். எடை போட்டு முடித்தபோது அந்த மீன் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தது. போட்ட சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கையாலும் அதைத் தாங்கிக்கொண்டு, அது தானாக நீந்திப் போகும் வரை நின்றேன்.