பதினான்காம் குறியில் எடுத்த கல்

தேநீர் குடித்த கிண்ணத்தைக் கழுவாமல் வைப்பது எனக்குப் பிடிக்காது. உங்கள் மேசையில் வைத்திருக்கிறேனே, நீலப் பருத்திப்பூ போட்ட கிண்ணம், இதையும் கழுவித்தான் கொண்டுவந்தேன். தடயம் போய்விட்டதே என்று பதற வேண்டாம் ஐயா. விளிம்பில் உள்ள சில்லைப் பார்த்தாலே பெகாயிமுடையது என்று எங்கள் சுரங்கத்தில் யாரும் சொல்லிவிடுவார்கள்.

என் பெயர் சூயுன்பாய். காரா-பெல் தங்கச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருஷமாக நிலவியல் வேலை. மலை முழுக்க எரிமலைப் பாறை. அதன் வெடிப்புகளில் வெந்நீர் ஏறித் தங்கத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. எப்போது என்பதுதான் கேள்வி. எரிமலை உயிரோடு இருந்தபோதே, அதாவது இருபத்தொன்பது கோடியே எண்பது லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், என்று சொன்னவன் நான். அந்த எண்ணை வைத்துத்தான் வரைபடம் போட்டேன். அதை நம்பித்தான் தோண்டினார்கள். இந்த ஏப்ரலில் அரசின் கனிமக் குழு கூடி, சுரங்கத்தைக் கண்டுபிடித்தவன் என்று என் பெயரைப் பதிவதாக இருந்தது. மனைவி போய்விட்டாள், பிள்ளை கிடையாது. எனக்கென்று இருந்தது அந்த எண் ஒன்றுதான்.

பெகாயிம் தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தவள். முப்பத்திரண்டு வயது, கெட்டிக்காரி. அண்ணன் என்கிற மரியாதையில் என்னை 'பைக்கே' என்றுதான் கூப்பிடுவாள். தங்கத்தோடு சேர்ந்து வளர்ந்த வெள்ளைப் படிகங்களை ஊசிமுனையால் ஒவ்வொன்றாகப் பொறுக்குவாள். படிகத்தில் இருக்கிற பொட்டாசியம் கொஞ்சம் கொஞ்சமாக ஆர்கான் வாயுவாக மாறி உள்ளேயே சிக்கிக் கிடக்கும். அதை அளந்தால் வயது தெரியும். கீழ்த்தளத்தில் அவள் எடுத்த படிகத்துக்கு இருபத்தாறு கோடி என்று வந்தது. எரிமலை அணைந்து நெடுங்காலம் ஆன பிறகு.

"பைக்கே, தங்கம் லேட்டாத்தான் வந்திருக்கு," என்று என் அறைக்கு வந்து சிரித்தாள். "எரிமலை வீட்டைக் கட்டி வச்சுட்டுப் போயிருச்சு. இவன் பின்னாடி வந்து குடியேறியிருக்கான்."

"ஏப்ரல் முடியட்டும்மா. அப்புறமா எழுதிக்கோ."

"கல்லுக்கு ஏப்ரல் தெரியுமா, மே தெரியுமா?"

"உன் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"ஐயோ, என்ன பைக்கே இப்படியெல்லாம் பேசுறீங்க? நூரூஸ் புத்தாண்டு லீவுக்கு முன்னாடி பழைய சுரங்கத்துல பதினாலாம் குறிக்குப் போறேன். நீங்க முதமுதல்ல கல் எடுத்த இடம். அதையும் அளந்தாத்தான் முழுசா எழுத முடியும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க, டீ ஆறுது."

என் எண் அந்தக் காலத்துக் கருவி கொடுத்தது. புதுக் கருவியில் அது நிற்குமா என்று எனக்கே சந்தேகம். பதினெட்டு நாள் தூங்கவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் அழுகை வந்தது. அறுபத்தொரு வயதில் ஒரு மனிதன் ரொட்டித் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அழுவது எவ்வளவு கேவலம் என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் சுரங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே போகிறவர் தன் கிண்ணத்தை வாசல் பலகையில் கவிழ்த்துவிட்டுப் போவார். வெளியே வந்ததும் நிமிர்த்தி, ஒரு வாய் தேநீர் குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். வருகைப் பதிவேடு என்று ஒன்று இருக்கிறது, அதை எவரும் திறப்பதில்லை. கவிழ்ந்த கிண்ணம் இல்லையென்றால் உள்ளே ஆள் இல்லை. காவலாளி மொல்தோகுல் காற்று விசிறியை நிறுத்தி, இரும்புக் கதவைப் பூட்டிவிடுவான். விசிறி நின்றால் உள்ளே இருக்கிற காற்று ஒன்றிரண்டு நாளுக்கு மேல் தாங்காது.

மார்ச் இருபதாம் தேதி காலை பத்து மணிக்கு அவள் பழைய சுரங்கத்து வாசலில் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். பகல் மூன்று மணிக்கு நான் அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். நான் செய்தது அவ்வளவுதான்.

நான்கு மணிக்கு மொல்தோகுல் வந்தான். "எல்லாரும் கிளம்பியாச்சா பைக்கே?"

"பலகையைப் பாரு."

"காலியாத்தான் இருக்கு. வாங்க, வண்டியில இடமிருக்கு. பண்டிகைக்கு சுமொலோக் கஞ்சி கிண்ட ஆள் பத்தலன்னு வீட்ல உயிரை எடுக்கிறா."

நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் காலை கதவருகே போய் நின்றேன். உள்ளேயிருந்து சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தாள். மூன்று தட்டு, ஒரு இடைவெளி, மறுபடி மூன்று. சீராகத்தான் தட்டினாள். வேலையிலும் அப்படித்தான், அவசரமே இருக்காது. சாவி மொல்தோகுலிடம் இருந்தது. பண்டிகை நாளில் அவனைத் தொந்தரவு செய்ய எனக்கு மனம் வரவில்லை. அதற்கடுத்த நாள் போனபோது சத்தம் இல்லை.

பண்டிகையன்று கணவாயில் பனி விழுந்து பாதை அடைத்துவிட்டது. மகள் இங்கே மாட்டிக்கொண்டாள் என்று அவள் அம்மா நினைத்தார். அவள் ஊருக்குப் போய்விட்டாள் என்று நாங்கள் நினைத்தோம். அதாவது மற்றவர்கள். நான்காம் நாள் கதவைத் திறந்தபோது வாசலுக்குப் பக்கத்திலேயே கிடந்தாள். கற்பையை மார்போடு அணைத்திருந்தாள். சீட்டில் 14 என்று எழுதியிருந்தது.

பூட்டுகிற நேரத்தில் கிண்ணம் கூட வைக்காமல் ஓடி நுழைந்திருக்கிறாள் என்று விசாரணையில் முடிவுகட்டினார்கள். மொல்தோகுலை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள். இப்போது குடித்துக்கொண்டு திரிகிறான். கிண்ணம் இல்லை என்று அவன் சொன்னது உண்மைதான், பாவம்.

அவளுடைய ஆய்வகத்து நண்பர்கள் அந்தக் கல்லை அளந்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. இருபத்தொன்பது கோடியே எண்பது லட்சம். என் எண். அவள் குறிப்பேட்டையும் காட்டினார்கள். தங்கம் இரண்டு தடவை வந்திருக்கிறது, முதல் தடவை சூயுன்பாய் சொன்ன காலத்தில்தான், அதை நிரூபிக்கப் பதினான்காம் குறி போதும், கட்டுரையில் அவர் பெயர்தான் முதலில், என்று எழுதியிருந்தாள். அந்தப் பக்கத்தைப் பலமுறை படித்தேன். கையெழுத்து அழகாக இருந்தது.

ஆனால் குழு அந்த முடிவை ஏற்கவில்லை. கடைசி நிமிஷத்தில் நுழைந்தவள், விசிறி நின்ற சுரங்கத்தில் பதினான்காம் குறிவரை எண்ணூறு மீட்டர் உள்ளே போயிருக்க முடியாதாம், கல் வாசலருகே எங்கோ பொறுக்கியதாம். எடுத்த இடம் தெரியாத கல்லுக்கு எங்கள் தொழிலில் மதிப்பில்லை. பழைய சுரங்கத்தையும் மூடி மண்ணைக் கொட்டிவிட்டார்கள். இனி வேறு கல் எடுக்க வழியில்லை.

அதனால்தான் வந்தேன். அவள் காலை பத்து மணிக்கே உள்ளே போனாள். அதற்குச் சாட்சி இந்தக் கிண்ணம், எடுத்தவன் நான். பூட்டினால் அவள் செத்துப்போவாள் என்று தெரிந்தேதான் எடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. எண்ணை மட்டும் பிழையில்லாமல் எழுதுங்கள். குழுவுக்கு ஒரு பிரதி இன்றே போய்விட்டால் நல்லது.

நான் சொன்னது சரி என்று தெரிந்திருந்தால், முதலில் சந்தோஷப்பட்டிருப்பவள் பெகாயிம்தான்.